வறட்சியும் பொதுத் தோட்டமும்

உலகில் உயிர்கள் நிலைபெறுவதற்கு மழையே முதற்காரணம். இவ்வுண்மையை உணர்ந்தே திருவள்ளுவர் தம் நூலில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழை பொய்க்குங்கால் செல்வரும் வறியரும் ஒருங்கே வாடுவர். ஆயினும், மழையின்மை ஒன்றே அவ்வாட்டத்திற்குக் காரணமன்று. இருக்கும் நீரைப் பகிர்ந்துகொள்ளும் முறையை அறியாமையும் ஒரு காரணமாகும். ஒருவருக்கே உரிய கிணற்றில் நீர் குறைந்தால், அவர் தம் விருப்பப்படி சிக்கனம் செய்துகொள்வர். பலருக்கும் பொதுவான தோட்டத்திற்கு நீர் குறைந்தால் யாது செய்வது? எதனைக் காப்பது? எதனை விடுவது? அதற்காகும் செலவை யார் ஏற்பது? இவ்வினாக்களுக்கு விடை காணவேண்டிய நிலை, அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கலிபோர்னியா மாநிலத்து மக்களுக்கு அண்மைக் காலத்தில் நேர்ந்தது. அவர்கள் செய்தவற்றையும், செய்து கற்றவற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

சங்கத்தின் அமைப்பு

கலிபோர்னியாவில் பல குடியிருப்புகள், நூறு வீடுகளும் இருநூறு வீடுகளும் ஒரே திட்டத்தின்கீழ் அமையுமாறு கட்டப்பெற்றவை. அவற்றுள் வீடு ஒவ்வொன்றும் தனித்தனியே ஒருவருக்கு உரியது. ஆனால், வீடுகளுக்கு இடையேயுள்ள பாதைகள், பூங்கா, சுற்றுச்சுவர், நிழல்மரங்கள், புல்தரை முதலியன எல்லார்க்கும் பொதுவானவை. இப்பொதுச் சொத்தைப் பேணுதற்கு அமைந்ததே வீட்டு உரிமையாளர் சங்கம். அக்குடியிருப்பில் வீடு வாங்குவோர் எவரும் தாமாகவே சங்கத்தின் உறுப்பினராவர். விலகி நிற்றல் இயலாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் குறித்த கட்டணம் செலுத்துதல் வேண்டும். அவர்கள் தம்முள் சிலரை நிருவாகக் குழுவினராகத் தேர்ந்தெடுப்பர். அக்குழுவினர் பெரும்பாலும் ஊதியம் பெறாது பணியாற்றுவர். இச்சங்கங்களை நெறிப்படுத்தக் கலிபோர்னியா மாநிலம் 1985-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் ஒன்று இயற்றியது. நம் நகரங்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர் அமைத்துக்கொள்ளும் சங்கங்களை நினைத்துக்கொண்டால், இவ்வமைப்பு மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

பசும்புல் வந்த வழி

இக்குடியிருப்புகளின் பெருமை, வீட்டின்முன் விரிந்து கிடக்கும் பசும்புல் தரையில் அடங்கியிருப்பதாக நெடுங்காலம் கருதப்பட்டது. ஆண்டு முழுதும் தூறல் விழும் இங்கிலாந்து நாட்டில், புல்தரை தானே வளர்ந்து தானே பசுமை காட்டும். அந்நாட்டுச் செல்வர் மாளிகைகளின் அழகு கண்டு மயங்கிய அமெரிக்க மக்கள், அப்பழக்கத்தைத் தம் நாட்டிற்கும் கொண்டுவந்தனர். ஆனால், பழக்கம் கடல் கடந்து வந்ததேயன்றி, மழை உடன் வரவில்லை.

சென்னை நகரம் ஓராண்டில் பெறும் மழை ஏறத்தாழ 140 செண்டிமீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பெறுவதோ ஏறத்தாழ 37 செண்டிமீட்டர். அதுவும் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச்சு வரையுள்ள குளிர்காலத்தில் பெய்து ஓய்ந்துவிடும். புல் மிகுதியாக நீர் வேண்டும் கோடைக்காலத்தில் மழை இல்லை என்றே சொல்லலாம். ஆதலின், சியரா நெவாடா என்னும் மலைத்தொடரில் குளிர்காலத்தில் படியும் உறைபனி, கோடையில் மெல்ல உருகி ஆறுகளாக இறங்கி, அணைகளை நிரப்பி, கால்வாய் வழியே நகரங்களை அடைகின்றது. அப்பனிமலையே அம்மாநிலத்தின் இயற்கை நீர்த்தேக்கம் எனலாம். நகரங்களில் வழங்கும் நீரில் ஏறத்தாழப் பாதி, வீட்டிற்கு வெளியே தோட்டங்களுக்கே செலவாகின்றது.

பனியில்லாத மலை

2012-ஆம் ஆண்டு தொடங்கி மழையும் பனியும் ஆண்டுதோறும் குறைந்தன. 2015-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள், பனியின் ஆழத்தை அளப்பதற்காக அதிகாரிகள் சியரா நெவாடா மலைமேல் ஏறினர். மாநில ஆளுநர் ஜெரி பிரௌனும் அவர்களுடன் சென்றார். அவ்விடத்தில் அந்நாளில் வழக்கமாக ஐந்தடிக்குமேல் பனி படிந்திருக்கும். அன்றோ, ஆளுநர் நின்ற இடத்தில் காய்ந்த புல்லே இருந்தது. மாநிலம் முழுவதிலும் மலைப்பனியில் அடங்கிய நீர், வழக்கமான அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கே எனக் கணக்கிடப்பட்டது. அந்நாளிலேயே ஆளுநர் ஓர் ஆணை பிறப்பித்தார். நகரங்களின் நீர்ச்செலவை 2013-ஆம் ஆண்டின் அளவினின்றும் நூற்றுக்கு 25 பங்கு குறைத்தல் வேண்டும் என்பதும், 5 கோடி சதுர அடிப் புல்தரையை அகற்றி, வறட்சியைத் தாங்கும் செடிகளை நடுதற்கு வழிசெய்தல் வேண்டும் என்பதும் அவ்வாணையுள் அடங்கியவை.

இதற்கு முன்னரே, 2014-ஆம் ஆண்டில், தோட்டத்தில் பாய்ச்சும் நீர் தெருவில் வழிந்தோடுமாறு விடுதல், குழாய்நீரால் நடைபாதையைக் கழுவுதல் முதலியவை தடுக்கப்பட்டிருந்தன. மீறுவோர்க்கு நாளொன்றுக்கு 500 டாலர் வரை தண்டம் விதிக்கவும் இடமிருந்தது.

இங்கு ஒரு வியப்பான முரண்பாடு எழுந்தது. சங்கங்கள் பலவற்றின் விதிகள், வீட்டின்முன் புல் பசுமையாக இருத்தல் வேண்டும் என்று கூறின. புல் பழுப்பு நிறம் அடைந்தால் உரிமையாளர்க்குச் சங்கம் தண்டம் விதிக்கும். நீர் பாய்ச்சினாலோ அரசு தண்டம் விதிக்கும். இருபுறமும் இடிபடும் மத்தளத்தின் நிலையை உரிமையாளர் அடைந்தனர். இக்குறையை நீக்க, 2014-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அரசு வறட்சி நெருக்கடியை அறிவித்துள்ள காலத்தில், நீர் பாய்ச்சுதலைக் குறைத்த அல்லது நிறுத்திய உரிமையாளர்க்குச் சங்கம் தண்டம் விதித்தலாகாது என்று அது விதித்தது. தண்டிக்கும் அதிகாரம் ஒடுங்கியபின், சங்கத்தின் கையில் எஞ்சி நின்றது பொதுத் தோட்டத்தின் பொறுப்பே. அப்பொறுப்பை ஆற்றும் முறைகளை இனிக் காண்போம்.

முதலில் அளத்தல்

நோயின் காரணம் அறியாது மருந்து கொடுப்பவன் மருத்துவன் ஆகான். அதுபோல, நீர் எங்கே செல்கின்றது என்று அறியாது சிக்கனம் செய்யப் புகுதல் வீண். வீடுகளுக்குச் செல்லும் நீரையும் தோட்டத்திற்குச் செல்லும் நீரையும் ஒரே மீட்டர் அளக்குமாயின் உண்மை புலப்படாது. தோட்டத்திற்கெனத் தனி மீட்டர் இருத்தல் நலம். எல்லாத் தெளிப்பான்களையும் நிறுத்திவிட்டு அம்மீட்டரை நோக்குதல் வேண்டும். அப்பொழுதும் முள் நகருமாயின், மண்ணுக்கடியில் எங்கோ குழாய் கசிகின்றது என்பது தெளிவு.

அடுத்து, தெளிப்பான்கள் நீரை ஒரே சீராகப் பரப்புகின்றனவா என்று அறிதல் வேண்டும். இதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டா. ஒரே அளவுள்ள தகரக் குவளைகளைப் புல்தரைமேல் சம இடைவெளியில் வைத்து, பத்து நிமிடம் நீரைத் தெளிக்க விட்டு, ஒவ்வொன்றிலும் சேர்ந்த நீரை அளந்தால் போதும். ஒரு குவளையில் 5 மில்லிமீட்டரும் மற்றொன்றில் 15 மில்லிமீட்டரும் இருக்குமாயின், நீர் குறைந்த இடம் காயாதிருக்கவேண்டி, நீர் மிகுந்த இடத்தில் மும்மடங்கு நீரை வீணாக்குகின்றோம் என்பது விளங்கும். அடைத்துக்கொண்ட துளையைத் திறத்தலும், சாய்ந்த தெளிப்பானை நிமிர்த்தலும் சிறிய வேலைகளே. ஆயினும், குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவன இவைதாம்.

நீர் பாய்ச்சும் காலமும் கருதத்தக்கது. நண்பகலில் தெளிக்கும் நீரில் ஒரு பகுதி வெயிலிலும் காற்றிலும் வீணாகும். விடியற்காலத்தில் பாய்ச்சிய நீர் வேரைச் சேரும். களிமண் நிலம் நீரை மெல்லவே உறிஞ்சும் இயல்பினது. அங்கே 12 நிமிடம் தொடர்ந்து பாய்ச்சினால் நீர் தெருவில் ஓடும். இடையிடையே நிறுத்தி, நான்கு நான்கு நிமிடமாக மும்முறை பாய்ச்சினால், அதே நீர் நிலத்தினுள் இறங்கும்.

எதனைக் காப்பது?

நீர் எல்லாவற்றுக்கும் போதாதபோது, எது முதல், எது பின் என்ற வரிசை வேண்டும். இவ்வரிசையில் முதலிடம் மரத்திற்கு உரியது. புல் பட்டுப்போனால் மீண்டும் சில திங்களில் வளர்த்துவிடலாம். நாற்பது ஆண்டு வளர்ந்த மரம் பட்டுப்போனால், மீண்டும் பெறுதற்கு நாற்பது ஆண்டு வேண்டும். நட்டவர் அதன் நிழலைக் காண்பரோ என்பதும் ஐயமே. பட்ட மரத்தை வெட்டி அகற்றுதற்கும் பெருஞ்செலவாகும். வெட்டாது விட்டால் வீட்டின்மேல் விழும் அச்சமும் உண்டு.

இங்கே பல சங்கங்கள் தவறு செய்தன. புல்தரையின் நடுவே நின்ற மரங்கள், புல்லுக்குத் தெளித்த நீரையே பருகி வளர்ந்தவை. புல்லுக்கு நீரை நிறுத்தியபொழுது, மரங்களுக்கும் நீர் நின்றது. புல்லின் வாட்டம் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும். மரத்தின் வாட்டமோ ஓராண்டு, ஈராண்டு கழித்தே தெரியும். தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆதலின், புல்லுக்கு நீரை நிறுத்துமுன், மரங்களுக்குத் தனியே நீர் வழங்க ஏற்பாடு செய்தல் வேண்டும். நீரை அடிமரத்தை ஒட்டி ஊற்றுதல் பயன்தராது. நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் கிளை பரந்த நிழலின் விளிம்பை ஒட்டியும் அதற்கு அப்பாலும் பரவியிருக்கும். அவ்விடத்தில் மெல்ல, ஆழமாக, நாள் இடைவிட்டுப் பாய்ச்சுதலே முறை.

மரத்தை அடுத்து இடம்பெறுவது, மக்களுக்குப் பயன்படும் புல்தரை. குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தைக் கல்லும் முள்ளும் பரப்பி அழகு செய்தல் அறிவுடைமையாகாது. இறுதியில் நிற்பது, எவர் காலும் படாது பார்வைக்காக மட்டும் வளர்க்கப்படும் புல். அதன்மேல் நடப்பவர், புல்லை வெட்டும் தொழிலாளர் ஒருவரே. அத்தகைய புல்லே முதலில் அகற்றத்தக்கது.

அகற்றியபின் நடுவது யாது? அந்நிலத்திற்கே உரிய செடிகளை நடுவதே சிறப்பு. மான்சானிட்டா என்னும் புதர்ச்செடி, நறுமணமுடைய சேஜ் வகைகள், மாநில மலராகிய பொன்னிறக் கலிபோர்னியா பாப்பி ஆகியவை, கோடையின் வறட்சியைத் தாங்கப் பழகியவை. ஒத்த அளவு நீர் வேண்டும் செடிகளை ஓரிடத்தே கூட்டி நட்டு, சொட்டுநீர்க் குழாயால் வேரருகே நீர் தருவர். மண்ணின்மேல் மரத்தூளும் பட்டைச் சிதைவும் மூன்று அங்குல உயரம் பரப்புவர். அப்போர்வை ஈரம் ஆவியாவதைத் தடுக்கும், களையையும் அடக்கும். நடுதற்கு ஏற்ற பருவம், குளிர்கால மழைக்கு முற்பட்ட இலையுதிர்காலம். வறட்சியைத் தாங்கும் செடியாயினும், இளமையில் அதற்கும் நீர் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இதனால் எவ்வளவு நீர் மிஞ்சும்? அண்டை மாநிலமாகிய நெவாடாவில், பாலைநிலத்தில் அமைந்த லாஸ் வேகாஸ் நகர்ப்பகுதியில், இதனைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்துள்ளனர். ஒரு சதுர அடிப் புல்தரை ஓராண்டில் ஏறத்தாழ 73 காலன் நீரை உண்டது. வறட்சி தாங்கும் தோட்டமோ அதே பரப்பிற்கு ஏறத்தாழ 17 காலன் நீரில் அமைந்தது. அமெரிக்கக் காலன் ஒன்று ஏறத்தாழ 3.8 லிட்டர் ஆகும். எனவே, ஒரு சதுர அடியில் ஆண்டுக்கு 200 லிட்டருக்கு மேல் மிஞ்சியது. வெப்பம் குறைந்த கடற்கரை ஊர்களில் மிச்சம் இதனினும் குறையும்.

வரவும் செலவும்

நல்லெண்ணம் ஒன்றால் தோட்டம் அமையாது; பொருளும் வேண்டும். சங்கத்தின் பணம் இருவகைப்படும். நீர்க்கட்டணம், தோட்டக்காரர் கூலி போன்ற அன்றாடச் செலவுக்குரியது நடைமுறை நிதி. கூரை, பாதை, நீர்க்குழாய் முதலியவை பழுதுற்றுப் புதுப்பிக்கவேண்டிய காலத்திற்கெனச் சேர்ப்பது சேமநிதி. சேமநிதியை விருப்பம்போல் எடுத்தலாகாது. அவசரத் தேவைக்காக அதனினின்று கடனாக எடுத்தால், பொதுவாக ஓராண்டுக்குள் திருப்பி வைத்தல் வேண்டும் என்பது கலிபோர்னியாச் சட்டம். ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை உறுப்பினர்க்கு முன்கூட்டியே அனுப்புதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. மாதக் கட்டணத்தை ஓராண்டில் நூற்றுக்கு 20 பங்கிற்குமேல் உயர்த்துவதாயினும், ஆண்டுச் செலவில் நூற்றுக்கு 5 பங்கிற்கு மேற்பட்ட தொகையைத் தனி வசூலாகத் தண்டுவதாயினும், உறுப்பினரின் வாக்கைப் பெறுதல் வேண்டும்.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். இது விளக்கத்திற்காக நாம் கற்பித்துக்கொள்ளும் கணக்கேயாகும். ஒரு சங்கத்தில் 100 வீடுகள் உள்ளன. வீடு ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் 4,000 டாலர். ஆகவே ஆண்டுச் செலவுத்திட்டம் 4,00,000 டாலர். பார்வைக்காக மட்டும் உள்ள புல்தரை 10,000 சதுர அடி. அதனை மாற்றியமைக்கச் சதுர அடிக்கு 8 டாலர் வீதம் 80,000 டாலர் ஆகும். நீர் வழங்கும் நிறுவனம் சதுர அடிக்கு 2 டாலர் வீதம் 20,000 டாலர் மானியம் தருகின்றது. எஞ்சிய செலவு 60,000 டாலர்.

வரவு யாது? சதுர அடிக்கு 40 காலன் வீதம், ஆண்டுக்கு 4,00,000 காலன் நீர் மிஞ்சும். காலன் ஒன்றின் விலை ஒரு செண்டு ஆயின், மிச்சம் 4,000 டாலர். புல் வெட்டுதல், உரமிடுதல் ஆகியவற்றில் 6,000 டாலர் மிஞ்சுவதாகக் கொள்வோம். ஆக, ஆண்டுக்கு 10,000 டாலர் மிச்சம். செலவு செய்த 60,000 டாலரும் ஆறு ஆண்டுகளில் திரும்பிவிடும். நீரின் விலை ஒன்றரை மடங்கு ஆயின், ஆண்டு மிச்சம் 12,000 டாலர் ஆகி, ஐந்தாண்டிலேயே திரும்பும். மானியம் கிட்டாவிடின், எட்டாண்டு ஆகும்.

இத்தொகையை ஒரே ஆண்டில் தண்டினால், வீட்டுக்கு 600 டாலர். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்க்கும், புதிதாகக் கடன்பட்டு வீடு வாங்கிய இளங்குடும்பத்தார்க்கும் இது பெருஞ்சுமை. ஆதலின், மூன்றாண்டு வீட்டுக்கு 200 டாலர் வீதம், ஆண்டுக்கு 20,000 டாலர் தண்டலாம். முதலாண்டில் அத்தொகையால் 2,500 சதுர அடியை மாற்றலாம். அதற்கு 5,000 டாலர் மானியம் வரும். இரண்டாமாண்டில் மானியமும் வசூலும் சேர்ந்த 25,000 டாலரால் 3,125 சதுர அடியை மாற்றலாம். மூன்றாமாண்டும் இவ்வாறே செய்தபின், நான்காமாண்டில் எஞ்சியிருக்கும் சிறு பகுதியை, மூன்றாமாண்டின் மானியத்தாலும் அதுவரை மிஞ்சிய பணத்தாலுமே முடித்துவிடலாம். முதற்பகுதியில் நேரும் பிழைகளை அடுத்த பகுதியில் திருத்திக்கொள்ள இடமுண்டாதல், இம்முறையின் மற்றொரு நன்மை.

ஆண்டுக்கு 20,000 டாலர் என்பது செலவுத்திட்டத்தில் சரியாக நூற்றுக்கு 5 பங்கு. ஆதலின், குழுவினர் உறுப்பினரின் வாக்கைப் பெறாமலே அதனைத் தண்டச் சட்டம் இடந்தரும். எனினும், கேளாது செய்யச் சட்டம் இடந்தருகின்றது என்பதற்காகக் கேளாது செய்தல் முறையன்று. தம் கண்முன் புல்லைப் பெயர்த்து எறிவதைக் கண்ட பின்னரே கணக்கை அறியும் உறுப்பினர், அக்கணக்கு எத்துணைச் சரியானதாயினும் நம்பார். புல்லைப் பெயர்க்குமுன் கூட்டம் கூட்டி, நீரின் கணக்கையும் பணத்தின் கணக்கையும் எல்லார்க்கும் விளங்குமாறு காட்டுவோரே நல்ல நிருவாகிகள்.

தவிர்க்கத்தக்க பிழைகள்

மானியத்தை நம்பியவர்க்கும் ஒரு பாடம் கிடைத்தது. தென்கலிபோர்னியாவின் பெருநகர நீர் மாவட்டம், 2015-ஆம் ஆண்டு மே திங்களில், புல் அகற்றுவோர்க்கு மானியம் தருதல் முதலிய சிக்கனத் திட்டங்களுக்கான நிதியை 45 கோடி டாலராக உயர்த்தியது. வேண்டினோர் தொகை மிகுந்தமையால், புல்லுக்குரிய மானியம் அக்கோடையிலேயே தீர்ந்துபோயிற்று. மேலும், மானியம் பெறுவோர் பொதுவாகப் புல்லை அகற்றுமுன்னரே ஒப்புதல் பெறுதல் வேண்டும். பணமோ வேலை முடிந்த பின்னரே வரும். ஆதலின், கைக்கு வாராத மானியத்தை வந்ததாக எழுதி வரவுசெலவுத் திட்டம் வகுத்தல், மேகத்தை நம்பி ஏரியைத் திறந்துவிடுவதனோடு ஒக்கும்.

நீரைக் குறைத்தால் கட்டணமும் அதே அளவு குறையும் என்று எண்ணுதல் மற்றொரு பிழை. அணை, குழாய், இயந்திரம் ஆகியவற்றுக்கான செலவு, நீர் குறைவாக விற்பனையானாலும் குறையாது. எனவே, மக்கள் நீர்ச்செலவைக் குறைத்தபொழுது, நீர் வழங்கும் நிறுவனங்கள் பல காலன் ஒன்றின் விலையை உயர்த்தின. சிக்கனம் செய்தும் கட்டணம் குறையவில்லையே என்று மக்கள் மனம் வருந்தினர். சிக்கனம் செய்யாதிருப்பின் கட்டணம் இன்னும் மிகுந்திருக்கும் என்பதை அவர்க்கு எடுத்துரைத்தலும் நிருவாகியின் கடமையாயிற்று.

மூன்றாவது பிழை, செடி ஏதுமின்றிக் கல்லை மட்டும் பரப்புதல். நீர் மிஞ்சுவது உண்மையே. ஆனால், கோடை வெயிலில் அக்கல்லும், நெகிழியால் ஆன செயற்கைப் புல்லும் மிகக் கொதிக்கும். அருகிலுள்ள வீடுகளும் வெம்மையுறும்.

வறட்சிக்குப் பின்

2015-ஆம் ஆண்டின் ஆணைக்குப் பின் வந்த ஓராண்டில், கலிபோர்னியா நகரங்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீரை மிச்சப்படுத்தின. 2017-ஆம் ஆண்டில் நன்மழை பெய்தது. ஏப்பிரல் திங்களில் பெரும்பாலான மாவட்டங்களில் நெருக்கடி நிலை நீக்கப்பட்டது. வறட்சி நீங்கியது எனச் சிலர் மீண்டும் பழைய புல்லை விரும்பினர். ஆனால், 2020-ஆம் ஆண்டு தொடங்கி மீண்டும் மூன்றாண்டு வறட்சி வந்தது. 2022-ஆம் ஆண்டில், வணிக இடங்களிலும் சங்கங்களின் பொது இடங்களிலும் பார்வைக்காக மட்டும் உள்ள புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுதலை மாநில நீர் வாரியம் தடுத்தது. மரங்களுக்கு வேண்டிய நீருக்குத் தடை இல்லை. 2023-ஆம் ஆண்டில் இதுவே நிலையான சட்டமாயிற்று. அதன்படி, வீட்டு உரிமையாளர் சங்கங்களின் பொது இடங்களுக்கு இத்தடை 2029-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி நடைமுறைக்கு வரவேண்டும். முதல் வறட்சியிலேயே அளந்து, கூடிப் பேசி, சிறிது சிறிதாக மாற்றியமைத்த சங்கங்கள், இச்சட்டத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. மழையைக் கண்டு மறந்திருந்தவர்களோ, குறுகிய காலத்தில் பெரும்பொருள் தேடவேண்டியவராயினர்.

மாணவர்களே! தொலைநாட்டுப் புல்லைப் பற்றி நாம் ஏன் அறிதல் வேண்டும் என நீங்கள் வினவலாம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிகளை எதிர்நோக்கி நின்றதை உங்கள் பெற்றோரைக் கேட்டால் கூறுவர். அங்கே வாடியது அழகுக்கு வளர்த்த புல். இங்கே வாடியது மக்களின் நா. எனினும், இரண்டிற்கும் கற்கவேண்டிய பாடம் ஒன்றே. பொதுநீரை அளந்து அறிதல் வேண்டும்; முதன்மையானது எது எனத் தெளிதல் வேண்டும்; செலவின் சுமையை வலியவர்க்கும் எளியவர்க்கும் ஏற்பப் பகிர்தல் வேண்டும்; கணக்கை ஒளியாது காட்டுதல் வேண்டும்; மழை பெய்யும் நாளிலும் மழையற்ற நாளை மறவாதிருத்தல் வேண்டும்.

மழை பெய்வதும் பெய்யாமையும் நம் கையில் இல்லை. பெய்த மழையைப் பேணுதலும், பேணியதைப் பகிர்தலும் நம் கையில் உள்ளன. நிழல் தரும் மரத்தைக் காத்து, நிழல் தாராப் புல்லை விட்டுக்கொடுக்க ஒரு குடியிருப்பு மக்கள் ஒருமனமாய் இசைவரேல், அவர்கள் காப்பது தோட்டத்தை மட்டுமன்று. ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கையையும் ஆம்.